கலகலப்பான பெண்பிள்ளை, ஆட்டிசம்: நீங்க பார்த்த ஒரு சம்பவம்?

ஆயர் ஈத்தாம் அம்மா:
போன தீபாவளி ஓப்பன் ஹவுஸ். மகளுக்கு 9 வயசு. வர்றவங்களையெல்லாம் வாசல்லயே பிடிச்சுக்கிட்டா. "வாங்க, ரோட்டுல ஜேம் இருந்துச்சா? சாப்பிட்டீங்களா? சேலை அழகா இருக்கு." எல்லாரும் மெச்சினாங்க, நானும் பூரிச்சுப் போயிட்டேன். சின்னப் பாட்டி மட்டும், "ஜேம் கெடக்கட்டும், உனக்கு ஏன் கண்ணு செவந்திருக்கு?"ன்னு கேட்டாங்க. வாய் திறந்தபடியே நின்னுட்டா. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து, "வாங்க, ரோட்டுல ஜேம் இருந்துச்சா?" அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. ராத்திரி கட்டிலுக்கு அடியில, தலையணையால காதைப் பொத்திக்கிட்டுக் கிடந்தா. போன மாசம்தான் ஆட்டிசம்னு உறுதிப்படுத்தினாங்க. அதுக்கு முன்னாடி பார்த்த டாக்டர், "கண்ணைப் பார்த்துப் பேசுதே"ன்னு அனுப்பிட்டாரு.

செந்தூல் டீச்சர்:
தமிழ்ப்பள்ளி, மூணாம் ஆண்டு. எப்பவும் கூட்டத்தோட இருக்கிற பிள்ளை, அதனால நான் கவனிக்கல. கென்டீன்ல ஒருநாள் பார்க்கிறேன், மத்தவங்க சிரிச்சு ஓயும்போதுதான் இவ சிரிக்கிறா, ஒரே கூட்டாளியோட முகத்தைப் பார்த்துப் பார்த்து. அந்தக் கூட்டாளி காய்ச்சல்னு வராத அன்னிக்கு, ஓய்வு நேரம் முழுக்க கழிவறைக்குள்ள இருந்தா. "எல்லாரோடும் நன்கு பழகுவாள்"னு அறிக்கையில எழுதினது நான்தான்.

பிறை அண்ணன்:
டீச்சர், லேட்டா சிரிச்சா ஆட்டிசமா? என் அக்கா மகளுக்குக் காதுலதான் கோளாறு. முதல்ல செவிப் பரிசோதனை செய்யுங்க. வாசல்ல நலம் விசாரிக்கிறதும் நாம கத்துக்கொடுத்த மரியாதைதானே?

கெப்போங் வாசி:
செவிப் பரிசோதனை சரி அண்ணே, கண்டிப்பா செய்யணும். ஆனா அந்த மரியாதைதான் என் ஆட்டிசத்தை 34 வயசு வரைக்கும் மறைச்சு வச்சுது. பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தப்போ வழி முழுக்க உறுமி. சிரிச்சுக்கிட்டேதான் படி ஏறினேன். அப்புறம் 2 நாள் பேச்சே வரல. வீட்ல கண்ணூறு கழிச்சாங்க.
அம்மாமார்களே, 1943-ல கேனர்ங்கிற மனநல மருத்துவர் ஆட்டிசம்னு விவரிச்ச 11 பிள்ளைகள்ல 8 பேர் பையன்கள். பையன்களை வச்சுப் பழகின கண்ணுதான் இன்னும் பல இடத்துல. கற்றுக்கொண்ட உத்திகளால அறிகுறிகள் மறைஞ்சிருக்கலாம்னு 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற மனநல மருத்துவக் கையேட்டுலயே இருக்கு. ஆட்டிசம் இருக்குமோன்னு முதல்கட்டமா பார்க்கிற எம்-சாட் கேள்வித்தாள் 16லேர்ந்து 30 மாசப் பிள்ளைகளுக்கானது. அதுல அன்னிக்குத் தேறினதை வச்சு 9 வயசுப் பிள்ளையை முடிவு பண்ணாதீங்க. பள்ளி விட்டு வந்து முதல் ஒரு மணி நேரம் என்ன செய்யறான்னு 2 வாரம் எழுதுங்க: காலுறையைப் பிய்ச்சு எறியறாளா, டியூஷன் நாள்ல மட்டும் அழறாளா, ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் போட்டு அதே வசனத்தைச் சொல்றாளா. அந்தத் தாளோட டாக்டர்கிட்ட போய், நிபுணரைப் பார்க்க ரெஃபரல் லெட்டர் கேளுங்க.

ஆயர் ஈத்தாம் அம்மா:
பிறை அண்ணே, காது பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்கு. மரியாதைன்னுதான் நானும் நினைச்சேன். நேத்து அவகிட்டயே கேட்டேன், அன்னிக்கு ஏன்டா அப்படி நின்னேன்னு. "பாட்டி தப்பான பதில் சொல்லிட்டாங்கம்மா"ன்னா.