பென்சில்வேனியாவில் குறைந்த அந்த 2.16

நிலாமுற்றம்:
குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்று இன்னும் பயமுறுத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். அது 1994-லேயே முடிந்துபோன கதை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத் துரித உணவகங்களை ஆராய்ந்தார்கள். 1992 ஏப்ரல் 1 அன்று அங்கே மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏறியது. வேலை குறையவில்லை, கூடியது. 2021-ல் கார்டுக்கு நோபலும் கொடுத்துவிட்டார்கள். இனி என்ன பேச இருக்கிறது?

கூட்டல்கழித்தல்:
நிறைய இருக்கிறது. "கூடியது" என்ற அந்தச் சொல்லைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரியாக 20.44 ஆள் இருந்தது 21.03 ஆனது. கூடியது 0.59, அதாவது அரை ஆள். கூலி ஏறாத பக்கத்து பென்சில்வேனியாவில் 23.33 இருந்தது 21.17 ஆனது. அங்கே குறைந்தது 2.16. இரண்டையும் சேர்த்து 2.76 என்று ஓர் எண் செய்து, அதைத்தான் முப்பது வருடமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் பென்சில்வேனியாவின் சரிவு. அந்த 2.16 ஏன் குறைந்தது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு நோபலைப் பற்றிப் பேசு தம்பி.

நிலாமுற்றம்:
நான் தம்பி இல்லை. உங்களைவிட வயதில் சின்னவளும் இல்லை.
பதில் சுலபமானது. அந்த வருடம் பொருளாதாரம் மந்தமாக இருந்தது. சட்டம் 1990-ல் வந்தது. கூலி ஏறும் நேரத்தில் நிலைமை மாறிவிட்டது. 1992 மார்ச்சில் சட்டமன்றமே உயர்வைப் படிப்படியாக்கப் பார்த்தது, ஆளுநர் தடுத்துவிட்டார். அதனால்தான் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டார்கள். மந்தத்தில் பென்சில்வேனியா சரிந்தது. அதே மந்தத்தில் கூலியையும் ஏற்றிய நியூ ஜெர்சி சரியவில்லை. ஒப்பீடு என்பதே இதற்குத்தானே?

கூட்டல்கழித்தல்:
சரி அம்மா, தம்பி என்றது தவறு. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. மந்தம்தான் காரணம் என்றால் அது இரண்டு பக்கமும் ஒரே அளவு அடித்தது என்று யார் சொன்னது? 331 கடை நியூ ஜெர்சியில், வெறும் 79 கடை பென்சில்வேனியாவில். அந்த 79 கடைகளின் சரிவை வைத்துக்கொண்டு உலகத்துக்கே பாடம் எடுக்கலாமா? 2.16 ஏன் குறைந்தது?

செங்காந்தள்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 0.59-ஐயும் 2.16-ஐயும் கூட்டினால் 2.75 வருகிறது. 2.76 எங்கிருந்து வந்தது? கூட்டல்கழித்தல் என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டலில் இப்படியா?

கூட்டல்கழித்தல்:
கார்டு, க்ரூகர் கட்டுரையின் அட்டவணையில் அச்சாகியிருப்பதே 2.76 தான். தசமப் புள்ளிகளை முழுதாக்கியபோது வந்த வேறுபாடு. அட்டவணையைத் திறந்தே பார்க்காதவர்கள் கூட்டல் சொல்லிக்கொடுக்க வந்துவிடுகிறார்கள். 11 வருடம் சம்பளப் பதிவேடு பார்த்தவன் நான்.

மழைக்குருவி:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். "ஆள்" என்றால் யார் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமே. அந்தக் கணக்கில் பகுதிநேரத்தார் இருவர் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள். மேலாளர்களும் அதில் சேர்த்தி. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று கேட்கவில்லை. ஆகவே 20.44 என்பது தலைக்கணக்கும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. எதை "வேலை" என்கிறோம் என்று முடிவு செய்யாமல் கூடியது, குறைந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

பழையகடன்:
அதெல்லாம் அப்புறம். அது தொலைபேசியில் கேட்டு வாங்கிய எண், அதுதான் விஷயம். உணவகத்தில் கூட்டம் நிற்கும்போது மேலாளரைக் கூப்பிட்டு "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார். நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் நியூ ஜெர்சியில் வேலை குறைந்தது. அந்தக் கட்டுரையும் கார்டு, க்ரூகர் எழுதிய அதே அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில்தான் 2000-ல் வந்தது. நோபல் என்று கத்துகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

நிலாமுற்றம்:
சொல்கிறேன், பாதியில் நிறுத்தாமல் முழுதாகவே சொல்கிறேன். அந்தப் பதிவேடுகளின் முதல் தொகுதியைத் திரட்டியது யார்? உணவகத் தொழில்காரர்கள் பணத்தில் நடந்த அமைப்பு. கூலி ஏறினால் கைக்காசு போகும் என்பவர்கள் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு "பதிவேடு, பதிவேடு" என்கிறீர்கள். அதே 2000-ல், அதே இதழில், கார்டும் க்ரூகரும் அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்திடம் இருந்த நிறுவனப் பதிவுகளை வைத்துப் பதில் எழுதினார்கள். அதில் தொலைபேசியே கிடையாது. அதிலும் குறிப்பிடத்தக்க வேலை இழப்பு தென்படவில்லை.

பழையகடன்:
நியூமார்க்கும் வாஷரும் பிறகு தாங்களாகவும் பதிவேடு திரட்டினார்கள். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நிலாமுற்றம்:
கார்டும் க்ரூகரும் கூலி ஏறிய பிறகு கேட்ட இரண்டாவது சுற்றில், தொலைபேசியில் கிடைக்காத 39 கடைகளுக்கு ஆளை வண்டியில் அனுப்பி நேரில் பார்த்தார்கள். மூடிய கடை என்றால் வேலை பூஜ்யம் என்று எழுதிச் சேர்த்தார்கள். அதை நீங்கள் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

கூட்டல்கழித்தல்:
தொலைபேசியோ வண்டியோ, எனக்கு அது முக்கியம் இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. பென்சில்வேனியாவில் 2.16 ஏன் குறைந்தது? கூலி ஏறாத இடத்தில் வேலை குறைந்ததை, கூலி ஏறிய இடத்தின் பெருமையாக எழுதிக்கொள்ளலாம் என்றால், பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்ததால் என் வீட்டு வெளிச்சம் கூடியது என்றும் எழுதலாம். முன்பு மரியேல் துறைமுக அகதிகள் பற்றிய விவாதத்திலும் நிலாமுற்றம் இப்படித்தான் பேசினார். 1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் வந்தார்கள், மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை 7 சதவீதம் ஏறியது, ஆனாலும் உள்ளூர்க்காரர் கூலி குறையவில்லை என்று கார்டு 1990-ல் எழுதினார். ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவைப் பிரித்து, பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார். கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்திருக்கிறது என்றார். அன்றைக்கும் நிலாமுற்றம் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் மாட்டார்.

நிலாமுற்றம்:
ஒப்புக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே? போர்ஹாஸ் எடுத்துக்கொண்ட சின்னக் குழுவில், அந்த ஆண்டுகளில் கணக்கெடுப்புக்கு உள்ளே வந்த கறுப்பின ஆண்களின் பங்கே மாறியிருந்தது; சராசரிக் கூலி விழுந்ததுபோலத் தெரிந்தது அதனால்தான். க்ளெமென்ஸும் ஹன்ட்டும் அதைக் காட்டினார்கள். இதை அன்றைக்கே எழுதினேன். நீங்கள் பதில் சொல்லாமல் போய், இன்று புதிதுபோல எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

செங்காந்தள்:
இன்னொன்று. "நோபல், நோபல்" என்கிறீர்கள். ஆல்ஃபிரட் நோபல் உயிலில் பொருளாதாரமே இல்லை. ஸ்வீடன் மத்திய வங்கி 1968-ல் ஏற்படுத்திய பரிசு அது. அதிலும் 2021-ல் பாதிதான் கார்டுக்கு. மற்றப் பாதியை ஆங்ரிஸ்ட்டும் இம்பென்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். அப்புறம், "கூலி" என்று எழுதாதீர்கள், "ஊதியம்" என்று எழுதுங்கள்.

நிலாமுற்றம்:
மணிக்கணக்குக்கு வாங்குவது கூலிதான். கூலி என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. க்ரூகர் 2019-ல் இறந்திராவிட்டால் அந்த மேடையில் அவரும் நின்றிருப்பார். அதை நினைத்து வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு உயில்தான் கவலை.

மழைக்குருவி:
2.16 பற்றி ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நியூ ஜெர்சிக்குள்ளேயே சில கடைகள் சட்டம் வரும் முன்பே 5 டாலரோ அதற்கு மேலோ கொடுத்துவந்தன. சட்டம் அவற்றை அனேகமாகத் தொடவே இல்லை. அந்தக் கடைகளிலும் சராசரியாக ஏறக்குறைய 2 ஆள் குறைந்தது. 4.25 கொடுத்துவந்த, சட்டம் நேராகத் தொட்ட கடைகளில்தான் கூடியது. ஆக, சட்டம் தொடாத கடைகள் மாநில எல்லையின் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்திருக்கின்றன. பென்சில்வேனியாவை மொத்தமாகத் தள்ளிவிட்டாலும் அந்த ஒப்பீடு மிஞ்சுகிறது. கூட்டல்கழித்தல் ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

கூட்டல்கழித்தல்:
என்ன சொல்ல? அதுவும் அதே ஆய்வு, அதே கேள்வித்தாள்தானே. வெளியே வாருங்கள். சியாட்டிலில் கூலி 13 டாலருக்கு ஏறியபோது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் மணிக்கணக்கையே எடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முதல் வடிவில், குறைந்த கூலி வேலைகளில் மணிநேரம் சுமார் 9 சதவீதம் குறைந்தது, கூலி ஏறியது 3 சதவீதம்தான். சராசரியாக மாதம் 125 டாலர் நஷ்டம். யாருக்கு நஷ்டம்? அடிமட்டத்தில் நிற்கிறவனுக்கு. எனக்கு வலிப்பது அதுதான். அவன் பெயரில் சட்டம் போட்டு, அவனுடைய மணிநேரத்தைப் பிடுங்கி, அப்புறம் "கூடியது" என்று எழுதுகிறீர்கள். இது எண் விளையாட்டு இல்லை.

நிலாமுற்றம்:
எனக்கும் விளையாட்டு இல்லை. அந்த ஆய்வில் பல கிளைகள் உள்ள நிறுவனங்கள் கிடையாது. சியாட்டிலின் பெரிய சங்கிலிக் கடைகள் எல்லாம் வெளியே. ஒரே கூரையின் கீழ் நடக்கும் தொழில்களை மட்டும் பார்த்துவிட்டு நகரத்தையே அளந்தேன் என்றால் எப்படி? பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் 2019-ல் வந்ததைப் பாருங்கள். செங்கிஸ், டூபே, லிண்ட்னர், சிப்பரர் நால்வரும் 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 உயர்வுகளை எடுத்தார்கள். புதிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே காணாமல்போன வேலைகள் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் அதற்குச் சற்று மேலே முளைத்திருந்தன. நியூ ஜெர்சி ஒன்று, இது 138.

பழையகடன்:
138-ஐயும் மணிக்கு 15 டாலர் என்பது போன்ற பெரிய உயர்வையும் ஒன்றாக்காதீர்கள். அவை பெரும்பாலும் சின்னச் சின்ன உயர்வுகள்.

மழைக்குருவி:
பாருங்கள், சியாட்டிலில் மணிநேரம், 138-ல் வேலைகளின் எண்ணிக்கை, நியூ ஜெர்சியில் பாதிப்பாதியாகச் சேர்த்த ஆள் கணக்கு. மூன்றையும் "வேலை" என்ற ஒரே சொல்லில் போட்டு அடித்துக்கொள்கிறோம். இதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

கூட்டல்கழித்தல்:
நல்ல கேள்விதான், தனியாகப் பேசலாம். நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். 2.16. இத்தனை பேர் இத்தனை எழுதியும், பென்சில்வேனியாவின் 79 கடைகளில் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நிலாமுற்றம்:
மழைக்குருவி சொன்னார், நீங்கள் படிக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996 அக்டோபரில் கூட்டாட்சி அரசு கூலியை 4.75 ஆக்கியது. அப்போது ஏறியது பென்சில்வேனியாவுக்கு; நியூ ஜெர்சி ஏற்கெனவே 5.05-ல் இருந்தது. படமே தலைகீழாகியது. அந்த முறையும் பென்சில்வேனியாவின் துரித உணவகங்களில் வேலை இழப்பு தெரியவில்லை என்று 2000 கட்டுரையிலேயே இருக்கிறது.

கூட்டல்கழித்தல்:
1996-ஐப் பற்றி நான் கேட்கவில்லை. 1992-ஐக் கேட்டேன்.

செங்காந்தள்:
அட்டவணையில் 2.76 என்றுதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆனால் கூட்டினால் 2.75 தான்.

நிலாமுற்றம்:
கூட்டல்கழித்தல் ஐயா, 5 டாலர் கடைகளில் ஏன் குறைந்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பிறகு 2.16-க்கு வருகிறேன்.

கூட்டல்கழித்தல்:
முதலில் கேட்டது நான்.