கருப்பட்டியைப் பற்றி எழுதும் நிருபர்களையும் பிளாக்கர்களையும் எப்படிப் பிடிப்பது?

தேரிக்காட்டுப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பனையேறி. அம்மாதான் விடிலியில், அதாவது அடுப்புக் குடிசையில், பதநீர் காய்ச்சுகிறார். விற்பனையை நான் பார்க்கிறேன். முன்பெல்லாம் மொத்த வியாபாரியிடம் போட்டுவிடுவோம். அவர் கடையில் எங்கள் சரக்கும் சீனிப் பாகு கலந்த சரக்கும் பக்கத்துப் பக்கத்துச் சிப்பமாக ஒரே விலையில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் நேரடியாகக் கூரியரில் அனுப்ப ஆரம்பித்தேன்.

தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள், அவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர் வாங்குகிறார்கள். அதற்கு மேல் நகரவில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்தபோது பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆனால் எல்லாம் ஊர்ப் பெயரோடு முடிந்துவிட்டது. காய்ச்சுகிறவர் யார், நல்ல சரக்கு எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் எழுதவில்லை.

கலப்படக்காரனோடு விலையில் என்னால் போட்டி போட முடியாது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு அப்பா காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும், அம்மா புகையில் நிற்க வேண்டும். கொதி ஏறிப் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால்தான் நுரை அடங்கும். அந்த நேரத்தில் கொப்பரையை விட்டு நகரவே முடியாது. சீனியைக் கரைத்து ஊற்றுகிறவனுக்கு இதில் எந்தப் பாடும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது. நாலைந்து பத்திரிகைகளுக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. ஒரு யூடியூப் சேனலில் பேசினால், “பேக்கேஜ் இருக்கு மேடம்” என்று எடுத்த எடுப்பில் 25,000 ரூபாய் கேட்டார்கள். காசு கொடுக்கத்தான் வேண்டுமா? சும்மா சாம்பிள் அனுப்பினால் எழுதுவார்களா? யாரிடம் போவது?

பழைய நிருபர்:

தங்கச்சி, ஒரு வார இதழில் உணவுப் பக்கத்தை ரொம்ப காலம் பார்த்தவன் நான். உங்கள் மின்னஞ்சலைப் பார்க்காமலே சொல்கிறேன். “பாரம்பரியமான, இயற்கையான, கலப்படமற்ற” என்று தொடங்கியிருப்பீர்கள். ஊறுகாய்க்காரர், செக்கு எண்ணெய்க்காரர், தேன்காரர் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். காலையில் பெட்டியைத் திறந்தால் அதுவே வரிசையாகக் கிடக்கும். யாருடையது எது என்றே தெரியாது.

இங்கே கேள்வியின் நடுவில், போகிற போக்கில், ஆமணக்கு முத்தைச் சொன்னீர்களே, அதுதான் செய்தி. அதை முதல் வரியில் வைத்திருந்தால் அன்றைக்கே உங்களுக்குப் போன் வந்திருக்கும். பொங்குகிற கொப்பரை, அதில் நசுக்கிப் போடுகிற கை, சட்டென்று அமுங்கும் நுரை: படக்காரருக்கும் எழுதுகிறவருக்கும் இதைவிட என்ன வேண்டும்? நிருபருக்குப் பொருளைவிட அங்கே போய்ப் பார்க்க ஒரு காரியம் வேண்டும்.

இன்னொன்று, காலம். எனக்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி கெட்டுப்போனது இதனால்தான். பதநீர் மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் ஓய்ந்துவிடும் இல்லையா? ஐப்பசியில் எழுதிக் கேட்டால் அவர் வந்து எதைப் படமெடுப்பார்? தை மாதமே எழுதுங்கள். “பாளை சீவ ஆரம்பிக்கப்போகிறோம், இந்த வாரம் முதல் விடிலியில் அடுப்பு எரியும், காலையில் வந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம்” என்று தேதியோடு சொல்லுங்கள். தீபாவளி மலருக்கு வேண்டுமென்றால் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். மலர் அச்சுக்குப் போன பிறகு பலகாரம் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம்.

யாருக்கு எழுதுவது என்றால், பத்திரிகையின் பொது முகவரிக்கு வேண்டவே வேண்டாம். களியோ, சுக்குக் காபியோ, பணியாரமோ, கருப்பட்டி சம்பந்தமாக ஏற்கெனவே எழுதியவர் யாரென்று தேடுங்கள். அவர் எழுதியதைப் படியுங்கள், அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். உங்கள் வட்டார நிருபரையும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் இருப்பவர் முதலில் அவரிடம்தான் விசாரிப்பார். பசுமை விகடன் மாதிரி விவசாய இதழ்களும் இருக்கின்றன. உணவுப் பக்கத்தைவிட அங்கே உங்களுக்கு இடம் அதிகம் கிடைக்கும். அவர்கள் மரம், கூலி, கட்டுபடியாகும் விலை எல்லாவற்றையும் கேட்பார்கள். கணக்கைச் சொல்லத் தயாராக இருங்கள்.

அந்த 25,000? அது விளம்பரம். விளம்பரம் தப்பில்லை, ஆனால் செய்தி என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். எழுதுவதற்குக் காசு கேட்கிற நிருபர் இருந்தால் அவரிடமிருந்து ஓடிவிடுங்கள்.

மயிலாப்பூர் அடுப்பு:

நான் சமையல் பிளாக் எழுதுகிறேன், இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

சாம்பிள் அனுப்பினால் எழுதுவார்களா என்றால், சிலர் எழுதுவோம், சிலர் மாட்டோம். எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. கிலோக் கணக்கில் அனுப்பாதீர்கள், பாவம் உங்கள் அம்மாவின் உழைப்பு. நாலைந்து வட்டு போதும். அதுவும் ஃபாலோயர் கணக்கைப் பார்த்து அனுப்பாதீர்கள். பத்து லட்சம் பேர் பார்க்கிற ஓட்டல் விமர்சகருக்குக் கருப்பட்டியை வைத்து என்ன செய்வதென்றே தெரியாது. உளுந்தங்களி கிண்டுகிறவர், அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிறவர், இவர்களிடம் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்தச் சில ஆயிரமும் கடைக்குப் போகிற கூட்டம்.

கூடவே சீனி கலந்த கருப்பட்டி ஒன்றையும் வாங்கி, பெயர் எழுதிப் போட்டு அனுப்புங்களேன்! இரண்டையும் உடைத்து, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் அப்படி இரண்டு தேன் பாட்டில் அனுப்பினார். அதை வைத்தே மூன்று பதிவு போட்டேன். ஒப்பிட்டுக் காட்டுகிற வாய்ப்பை எந்தப் பிளாக்கரும் விடமாட்டார்.

ஒரு முக்கியமான விஷயம். இலவசமாக வந்ததை இலவசமாக வந்தது என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021லேயே இதற்கு விதி போட்டது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் கொடுத்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. “சாம்பிள்னு போடாதீங்க, நீங்களே வாங்கின மாதிரி இருக்கட்டும்” என்று யாரிடமும் கேட்காதீர்கள். கேட்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அப்புறம், “சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்” என்று உங்கள் அட்டையிலோ கடிதத்திலோ இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதேதான். தெரிந்து எழுதுகிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மற்றதையும் நம்பமாட்டார். தெரியாமல் எழுதுகிறவர் அதையே தலைப்பாக வைத்துவிடுவார். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

கோவில்பட்டிக்காரன்:

நான் கடலைமிட்டாய் போடுகிறவன். எங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். அப்போது நிருபர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பெரிய கடைகளின் பெயர் வந்தது. எங்களை மாதிரிச் சின்னக் கடைகளைப் பற்றி “மேலும் பலர்” என்று எழுதினார்கள். அந்த மேலும் பலரில் நானும் ஒருவன், ஹிஹி.

அக்கா சொன்னது, அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனால் வீடியோ வந்த மறுநாளை யோசித்தீர்களா? எங்கள் தெருவில் ஒருவரின் பாகு இழுக்கிற வீடியோ ஓடியது. இரண்டே நாளில் வாட்ஸாப் நிரம்பி வழிந்தது. அவரிடம் இருந்தது ஒரு அடுப்பு, இரண்டு ஆள். முன்பணம் வாங்கி, அனுப்ப முடியாமல், திருப்பிக் கொடுத்து, கடைசியில் கமெண்டில் “ஏமாற்றுக்காரன்” என்று பெயர். நாங்களாவது ராத்திரி முழுக்கப் பாகு கிண்டலாம். பனையைக் கூடுதலாகச் சுரக்கச் சொல்ல முடியாதே! இவ்வளவு கிலோதான் இருக்கிறது, முடிந்தால் அடுத்த பருவம்தான் என்று முதலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும் அவர்கள் செய்தியாகப் போடுவார்கள்.

அட்டையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண், இருக்கிறதா? இல்லாவிட்டால் கேமராவைக் கூப்பிடுவதற்கு முன் அதை முடியுங்கள்.

தேரிக்காட்டுப் பொண்ணு:

எண் இருக்கிறது அண்ணே, அட்டையிலும் போட்டிருக்கிறேன். சர்க்கரை நோய் வரி அட்டையில் இல்லை, ஆனால் வாங்குகிறவர்கள் தினமும் கேட்கிறார்கள். “டாக்டரைக் கேளுங்க” என்றுதான் சொல்வேன், பாதிப் பேர் அத்தோடு போய்விடுவார்கள். போகட்டும்.

மயிலாப்பூர் அக்கா, இரண்டு கருப்பட்டி யோசனை ரொம்பப் பிடித்தது. கலந்த சரக்கு வாங்கச் சந்தை வரைகூடப் போக வேண்டாம். இப்போதைக்கு ஆறு பேருக்குத்தான் அனுப்பப்போகிறேன். ஓலைக் கொட்டானில் வைத்து, மழைக்காலம் வருவதற்குள். ஈரக்காற்று பட்டால் கசிந்துவிடும், பிறகு நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அம்மா கேமராவைப் பார்த்துப் பேசமாட்டார். முகத்தையும் காட்டமாட்டேன் என்கிறார். அதனால் வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களா?

பழைய நிருபர்:

கோபித்தால் கோபிக்கட்டும். கையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அதுவே நன்றாக இருக்கும். வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள், அங்கே வந்த பிறகு மல்லுக்கட்ட வேண்டாம். அப்பாவிடமும் கேளுங்கள். மரத்தில் இருக்கும்போது கீழே நின்று “இன்னொரு தடவை ஏறுங்க” என்று சொல்லுகிற கேமராக்காரர்கள் உண்டு. அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

உணவுப் பக்கத்தில் இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தனிச்செய்தியில் பெயர் அனுப்புகிறேன். என் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் ஆறுமுகநேரியில் இறங்குவதா, திருச்செந்தூரா என்று முதல் கேள்வியே கேட்பார்கள்.

தேரிக்காட்டுப் பொண்ணு:

திருச்செந்தூர்தான் அண்ணாச்சி. அங்கிருந்து உடன்குடிக்குப் பஸ் இருக்கிறது. முதல் நாள் ராத்திரியே வந்து தங்கிவிட்டால் நல்லது. அப்பா விடிவதற்குள் மரத்துக்குப் போய்விடுவார், ரயில் வரும்வரை காத்திருக்கமாட்டார்.