நிலையற்ற சமநிலையா, மீளாச் சமநிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருளியலின் stable equilibrium, unstable equilibrium என்பவற்றுக்குத் தமிழில் ‘நிலைத்த சமநிலை’, ‘நிலையற்ற சமநிலை’ என்றே வைத்துக்கொள்வோம் என்று முந்தைய மடலில் சொல்லியிருந்தீர்கள். படிக்க எளிதுதான். ஆனால் சில நிறுவனங்கள் மட்டுமே விற்கும் சிலருரிமைச் சந்தையை (oligopoly) பற்றி எழுதும்போது ‘நிலையற்ற’ என்ற சொல் வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. (தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘சில்லோர் முற்றுரிமை’யைவிட இலங்கையின் ‘சிலருரிமை’ எனக்குப் பிடிக்கும். சிலர் பங்குபோட்டுக்கொண்ட பிறகு அது எப்படி முற்றுரிமை?)

இத்தகைய சந்தைக்குப் பொருளியலாளர் கூர்னோ 1838இல் தந்த மாதிரியையே எடுத்துக்கொள்வோம். மொத்த உற்பத்தியை 120இலிருந்து கழித்தால் வருவது விலை. உற்பத்திச் செலவு சுழியம். மற்றவர்கள் போன முறை செய்த அளவையே இந்த முறையும் செய்வார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் நம்புகிறது. அப்படியானால் அதற்கு அதிக லாபம் தரும் அளவு, மற்றவர்களின் கூட்டுத்தொகையை 120இலிருந்து கழித்து வருவதில் பாதி.

இரண்டு நிறுவனங்கள் என்றால் சமநிலை, அதாவது யாருக்கும் அளவை மாற்றக் காரணமில்லாத புள்ளி, ஆளுக்கு 40 அலகு. இருவரும் 44இல் தொடங்கட்டும். அடுத்த முறை 38, அப்புறம் 41, 39.5, 40.25. தானாக 40க்கு வந்து சேர்கிறது. மூன்று நிறுவனங்களுக்குச் சமநிலை 30. எல்லோரும் 34இல் தொடங்கினால் 26, மறுபடி 34, மறுபடி 26. முடிவே இல்லை. நான்கு நிறுவனங்களுக்கு 24. 26இல் தொடங்கினால் 21, 28.5, 17.25 என்று ஒவ்வொரு முறையும் விலகல் ஒன்றரை மடங்காகிறது. 1960இல் பொருளியலாளர் தியோக்காரிஸ் காட்டியது இதைத்தான்: நேர்கோட்டுத் தேவை, மாறாத இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஓர் அலகு செய்ய ஆகும் செலவு), இப்படிப்பட்ட நம்பிக்கை மூன்றும் இருந்தால், நிறுவனங்கள் மூன்றானதுமே சமநிலைக்குத் திரும்பும் வழி போய்விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், நிறுவனங்கள் கூடக்கூடச் சமநிலை விலை 40, 30, 24 என்று இறங்கி நிறைவுப் போட்டியின் (எண்ணற்ற நிறுவனங்கள் போட்டியிடும் சந்தையின்) விலையை நோக்கிப் போகிறது. சேருமிடம் நல்லதாகிறது, போய்ச் சேரத்தான் முடியவில்லை.

இங்கே ‘நிலையற்ற’ என்று எழுதினால் என்ன புரியும்? சமநிலையே இல்லை என்று புரியும். உண்மையில் 24 அங்கேயேதான் இருக்கிறது. நால்வரும் சரியாக 24இல் நின்றால் யாருக்கும் நகரக் காரணமில்லை. இல்லாதது திரும்பி வருதல் மட்டுமே. அதனால்தான் ‘மீள் சமநிலை’, ‘மீளாச் சமநிலை’ என்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான்கு நிறுவனங்களும் கணக்கில் வந்த அளவுக்கு ஒரேயடியாகத் தாவாமல் பாதி தூரம் மட்டும் நகரட்டும். 26இலிருந்து 21க்குப் போகாமல் 23.5இல் நிற்கும், அடுத்தது 24.125. அதே சந்தை, அதே 24, ஆனால் இப்போது மீள்கிறது. சரிக்கட்டும் வேகத்தைப் பொறுத்தே இது மாறும் என்று 1961இல் பொருளியலாளர் ஃபிஷர் எழுதினார். ஆக, இது சமநிலைப் புள்ளிக்கு மட்டும் உரிய குணம் அல்ல, திரும்பும் நடையின் குணமும்கூட. ‘மீள்’ அதைச் சொல்கிறது. ‘நிலை’ சொல்வதில்லை.

வேதியியலில் ‘மீளா வினை’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். அங்கும் பொருள் திரும்பி வராதது என்பதுதானே. இயற்பியலின் ‘உறுதிச் சமநிலை’யை எடுத்துக்கொள்ளலாமே என்றால், எனக்கு மறுப்பு பெரிதாக இல்லை. ஆனால் ‘உறுதி’ திரும்பி வருவதைச் சொல்லவில்லை.

மூன்று நிறுவன நிலைக்குத்தான் எனக்கே சரியான சொல் அமையவில்லை. இயற்பியலின் ‘நடுநிலை’யும் இலங்கையின் ‘நொதுமல்’ சமநிலையும் தட்டைத் தரையில் வைத்த பந்துக்குப் பொருந்தும். அது வைத்த இடத்தில் கிடக்கும். இங்கே 34க்கும் 26க்கும் இடையே ஓயாத ஆட்டம். ‘ஊசல் சமநிலை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஊசல் ஒருநாள் நின்றுவிடுமே என்று யாராவது சொல்வதற்குள் வேறு சொல் இருந்தால் தாருங்கள்.