2 ஃபிரேம் தள்ளிப்போனா யாருக்குத் தெரியப்போகுது?

கத்தரிக்கோல்: மாணவர் குறும்படம் எடிட் பண்றவங்களுக்கு ஒரு மேதாவி நேத்து அறிவுரை எழுதியிருக்கார். "உதட்டுக்கும் குரலுக்கும் 2 ஃபிரேம் விலகினா பரவாயில்லை, யாருக்கும் தெரியாது, அந்த நேரத்துல கலரைப் பாருங்க"ன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடற படத்துல 2 ஃபிரேம்னா 83 மில்லிசெகண்ட். க்ளோஸப்ல "அம்மா"ன்னு சொல்றான், உதடு ஒட்டறதுக்குள்ளயே "ம்" வந்து விழுது. இதுவா தெரியாது?

டைம்லைன்தாசன்: அந்த மேதாவி நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 3 குறும்படம் முடிச்சிருக்கேன், உதடும் குரலும் ஒட்டலை, சிங்க் போச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை.

கத்தரிக்கோல்: கடைசி வரைக்கும் யாராவது உட்கார்ந்திருந்தாத்தானே சொல்றதுக்கு.

மைக்பிடிச்சவள்: ஒரு சின்ன கேள்வி. குரல் 2 ஃபிரேம் முந்துதா, பிந்துதா? சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு ஒளிபரப்புக்குச் சொன்ன பரிந்துரைப்படி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே ஆளுக்குத் தெரிஞ்சிடும். பிந்தினா ஏறக்குறைய 125 வரை தெரியாது.

கத்தரிக்கோல்: முந்தினா என்ன, பிந்தினா என்ன? 2 ஃபிரேம் 2 ஃபிரேம்தான்.

டைம்லைன்தாசன்: அதேதான் நானும் சொல்றேன். வெறும் 2 ஃபிரேம்.

பழையரீல்: தம்பிகளா, அந்தப் பொண்ணு கேக்கறதுல விஷயம் இருக்கு. ஒலி செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 28 மீட்டர் தள்ளி நிக்கிறவன் கத்தினா நிஜத்துலயே 2 ஃபிரேம் பிந்தித்தான் காதுக்கு வரும். மூளைக்கு அது பழக்கம். முந்தி வர்றதுதான் உறுத்தும்.

கத்தரிக்கோல்: க்ளோஸப்ல எவன் அண்ணே 28 மீட்டர் தள்ளி நிக்கிறான்?

டைம்லைன்தாசன்: ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு ஷாட்டை நல்லா கட் பண்றதுக்கு உணர்ச்சிக்கு மட்டுமே 51 சதவீதம் கொடுத்தவர். அந்தப் பட்டியல்ல லிப் சிங்க்குக்கு எவ்வளவுன்னு போய்ப் பாருங்க. பூஜ்யம்.

கத்தரிக்கோல்: 1997ல ஒரே படத்துக்கு எடிட்டிங், சவுண்ட் ரெண்டுக்கும் ஆஸ்கர் வாங்கின மனுஷன் அவர். அவரைக் கூட்டிட்டு வந்து சிங்க் வேணாம்னு சாட்சி சொல்ல வைக்கிறீங்களே, நல்லாயிருக்கு.

முதல்படம்: அண்ணா, நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். ஃபோன்ல எடுத்தோம், குரல் தனி ரெக்கார்டர். ஆரம்பத்துல க்ளாப் கட்டை தட்டற இடத்துல சரியா உட்காருது, 4 நிமிஷ டேக் முடியும்போது 5 ஃபிரேம் விலகிடுது. நாளைக்குப் படத்தைக் கொடுக்கணும்.

பழையரீல்: பல ஃபோன்ல ஃபிரேம் ரேட், அதான் செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்ங்கிறது, நிலையா இருக்காதுப்பா, ஏறி இறங்கும். நிலையான ரேட்டுக்கு மாத்திட்டு அப்புறம் டைம்லைன்ல போடு. ரெக்கார்டர் வீடியோவுக்கு வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸ்ல இருந்துச்சான்னும் பாரு. நேரமில்லைன்னா டேக்கைத் துண்டு துண்டா வெட்டி, பேச்சு இல்லாத இடத்துல நகர்த்திக்கோ. இடைவெளியில ரூம் டோனை, அதான் யாரும் பேசாதப்போ அந்த இடத்துல பதிவான சத்தத்தை, ஊத்து.

கத்தரிக்கோல்: பார்த்தீங்களா? 5 ஃபிரேமுக்கே புள்ள அழுவுது. 2 ஃபிரேம்ல விட்டதோட பலன். இந்த 2 எங்கேருந்து வருதுன்னும் சொல்றேன். க்ளாப் கட்டை இறங்கி வர்றப்போ படம் கலங்கலா இருக்கும். அதுக்கப்புறம் ஒரு ஃபிரேம்ல கட்டை ஒட்டி நிக்கும். ஒலி வரைபடத்துல ஊசி மாதிரி நிக்கிற முனையை அந்த ஒட்டின ஃபிரேம்ல வைக்கணும். நம்ம தாசன் கலங்கலா இருக்கிற ஃபிரேம்லயே வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவார்.

மைக்பிடிச்சவள்: அப்படின்னா குரல் முந்துது. அதைத்தானே காலையிலிருந்து கேக்கறேன்!

கத்தரிக்கோல்: முந்துதுன்னு நான் சொல்லவே இல்லையே. 2 ஃபிரேம்னு சொன்னேன்.

டைம்லைன்தாசன்: உண்மையைச் சொல்லட்டுமா? போன தடவை உங்க படத்துல டைட்டில் மட்டும் ஒண்ணரை நிமிஷம் ஓடுதுன்னு எழுதினேன். அந்தக் கடுப்பு இன்னும் ஆறலை.

கத்தரிக்கோல்: அந்த ஒண்ணரை நிமிஷமும் சிங்க்ல இருந்துச்சு.

பழையரீல்: டைட்டில்ல யாருப்பா பேசினா?

டைம்லைன்தாசன்: சரி, என் படத்துலேருந்து 20 செகண்ட் துண்டு ஒண்ணு போட்டிருக்கேன். விலகியிருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கத்தரிக்கோல்: முதல் வசனத்துலயே அப்பட்டமா விலகுது. குறைஞ்சது 2 ஃபிரேம். கண்ணை மூடிட்டே சொல்வேன்.

மைக்பிடிச்சவள்: கண்ணை மூடிட்டு லிப் சிங்க் பார்க்கிற ஆளை இப்போதான் பார்க்கிறேன். நான் இறக்கி ஃபிரேம் ஃபிரேமா ஓட்டிப் பார்த்துட்டேன். அந்த வசனம் கச்சிதமா உட்கார்ந்திருக்கு. ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல கேட்டீங்களா? பல நேரம் அதுவே 2 ஃபிரேமுக்கு மேல தாமதம் பண்ணும்.

கத்தரிக்கோல்: எதுல கேட்டேங்கிறதா இங்க பிரச்சனை?

முதல்படம்: அண்ணா, ரூம் டோன் நாங்க எடுக்கவே இல்லையே. இப்போ என்ன பண்றது?

டைம்லைன்தாசன்: அப்போ ப்ளூடூத்தேதான்.

கத்தரிக்கோல்: 2 ஃபிரேம். அவ்வளவுதான் சொல்வேன்.