தேசிய அளவில் ஈ.ஏ. அமைப்பு: பதிவு, சம்பள ஆள், மாநாடு – எது முதலில்?

கேள்வி

எங்கள் நாட்டில் 3 நகரங்களில் எஃபெக்டிவ் ஆல்ட்ருயிசம் (சுருக்கமாக ஈ.ஏ. – இருக்கும் பணத்தையும் நேரத்தையும் கொண்டு பிறருக்கு அதிகபட்ச நன்மை செய்வது எப்படி என்று ஆதாரத்தோடு ஆராய்ந்து செயல்படும் இயக்கம்) குழுக்கள் இருக்கின்றன. எல்லாமே தன்னார்வலர்கள் நடத்துபவை. தொடர்ந்து வருபவர்கள் மொத்தம் 40 பேர், பாதிக்கு மேல் மாணவர்கள். தேசிய அளவில் ஒரு அமைப்பு தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பதிவு செய்து பெரிய மாநாடு ஒன்று நடத்தினால்தான் ஆள் சேரும் என்கிறார்கள் சிலர். முழுநேரச் சம்பள ஆள் இல்லாமல் எதுவும் நகராது என்கிறார்கள் மற்றவர்கள். முதல் 12 மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்வது? வளர்ச்சியை எதை வைத்து அளப்பது?

பதில் 1

மூன்றையும் தள்ளி வையுங்கள். அந்த 40 பேரில் எத்தனை பேர் தனியாக ஒரு அறிமுக வகுப்பை நடத்தக்கூடியவர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 6 பேர்கூட தேறவில்லை என்றால் முதல் 6 மாத வேலை அவர்களை உருவாக்குவதுதான். ஆழம் இல்லாத குழுவுக்கு மாநாடு நடத்தினால் 200 பேர் வருவார்கள், மறுவாரம் அவர்களோடு பேச ஆள் இருக்காது.

அறிமுக வகுப்புக்கு நன்றாகப் பழகிய வடிவம் 8 வாரம். வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரக் கூட்டம், அதற்கு முன் சுமார் 2 மணி நேர வாசிப்பு. ஒரு அணியில் 6 முதல் 8 பேர். 5-க்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத வாரத்தில் பேச்சு படுத்துவிடும், 8-ஐத் தாண்டினால் இரண்டு பேர் வாயே திறக்க மாட்டார்கள். குழு இல்லாத ஊர்க்காரர்களுக்கு இணையத்தில் ஒரு அணி வையுங்கள். நகரக் குழுக்களால் செய்ய முடியாத வேலை அது, தேசிய அமைப்பு தேவைப்படுவதே அதற்குத்தான்.

பெரும்பாலும் 3-ஆவது, 4-ஆவது வாரத்தில்தான் ஆட்கள் நழுவுவார்கள். படிக்காமல் ஒரு வாரம் வந்து, வெட்கப்பட்டு, அடுத்த வாரம் நின்றுவிடுவார்கள். கூட்டத்தின் முதல் 15 நிமிடம் எல்லோரும் அங்கேயே அமைதியாக முக்கியப் பகுதியைப் படிக்கும்படி வைத்தால் இது வெகுவாகக் குறையும். நடத்துபவர் விரிவுரையாளராக மாறுவது அடுத்த சிக்கல். அவர் பேசுவது மொத்த நேரத்தில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வகுப்பு முடிந்து 2 வாரத்துக்குள் ஒவ்வொருவரோடும் 45 நிமிடத் தனிப்பேச்சு. முதல் 15 நிமிடம் அவரைப் பேசவிடுங்கள்: எந்த வாதம் மனதை மாற்றியது, எது இன்னும் ஒப்பவில்லை? அடுத்த 20 நிமிடம் அவருடைய படிப்பு, வேலை, கையில் இருக்கும் பணம், நேரம். கடைசி 10 நிமிடத்தில் ஒரே ஒரு அடுத்த படி, அதற்கு ஒரு தேதி. ‘தொடர்பில் இருப்போம்’ என்று முடிந்தால் அந்தப் பேச்சு வீண். ‘வரும் 14-ஆம் தேதிக்குள் இந்த இரண்டு பேருக்கு மின்னஞ்சல் எழுதுவேன்’ என்று அவர் வாயாலேயே வர வேண்டும். அன்றே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்: பெயர், ஆர்வமுள்ள துறை, ஒப்புக்கொண்ட படி, தேதி, திரும்பப் பேசும் நாள்.

பதில் 2

தனிப்பேச்சு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பதிவைத் தள்ளிப் போடுவதில் மட்டும் ஒரு விதிவிலக்கு: நன்கொடை.

வரிவிலக்கோடு நல்ல தொண்டு அமைப்புகளுக்குப் பணம் அனுப்ப உங்கள் நாட்டில் வழி இல்லை என்றால், அதை உருவாக்குவதே பெரிய பலன் தரும் வேலையாக இருக்கலாம். ஜெர்மனியில் 2019-இல் தொடங்கிய எஃபெக்டிவ் ஸ்பெண்டன், நார்வேயின் கி எஃபெக்டிவ்ட் இரண்டும் இந்த வழியில் போனவை. பணம் உள்நாட்டில் பதிவான அமைப்புக்கு வரும், அங்கிருந்து தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்குப் போகும். ஆனால் சமூகம் வளர்க்கும் அமைப்பையும் நன்கொடை அமைப்பையும் ஒரே பெயரில், ஒரே கணக்கில் வைக்காதீர்கள். மலேரியாவைத் தடுக்கும் கொசுவலைக்குப் பணம் தர விரும்புபவர் ஈ.ஏ. தத்துவம் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. ஒன்றில் சிக்கல் வந்தால் மற்றொன்றும் சேர்ந்து சாயும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விதிகளையும் மறுநிதி ஒப்பந்தத்தையும் (வந்த நன்கொடையை மற்ற அமைப்புகளுக்கு மாற்றித் தருவதற்கான ஒப்பந்தம்) பதிவுக்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நோக்கப் பத்திரத்தில் ஒரு வரி விடுபட்டால்கூட, பிறகு திருத்துவதற்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

சம்பள ஆள் பற்றி: 12 மாதச் சம்பளம் வங்கியில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். கிராண்ட் (நிதியுதவி) தருவதாக வந்த கடிதத்தைப் பணமாக எண்ணாதீர்கள். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனம் சரிந்தபோது, அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டிருந்த அதன் ஃபியூச்சர் ஃபண்ட் என்ற கொடை நிதி ஒரேயடியாக நின்றது. வாக்களிக்கப்பட்ட பணம் பலருக்கு வரவேயில்லை, வாங்கியவர்களோ திருப்பிக் கேட்பார்களோ என்று கலங்கினார்கள். ஒரே நிதியாளரை நம்பி ஒரு மனிதரின் பிழைப்பை வைப்பது அந்த மனிதருக்கு நாம் செய்யும் அநீதி.

கேள்வி கேட்டவர்

நன்றி. இன்னொன்று: முக்கியக் கட்டுரைகளை மொழிபெயர்த்து நாளிதழ்களில் போட்டால் வேகமாகப் பரவும் என்று ஒரு யோசனை இருக்கிறது. செய்யலாமா?

பதில் 3

மொழிபெயருங்கள். நாளிதழ் வேண்டாம், இப்போதைக்கு. முதலில் பதிந்த பிம்பத்தை மாற்றுவது மிகக் கடினம். ‘வேலையை விட்டுப் பணக்காரனாகி தானம் செய்யச் சொல்கிறவர்கள்’ என்று ஒரு தலைப்பு வந்துவிட்டால் பல ஆண்டுகள் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டுரைகளுக்கு முன் 30, 40 சொற்கள் கொண்ட கலைச்சொல் பட்டியல் ஒன்று போடுங்கள். தமிழிலேயே பாருங்கள். ஒரு பிரச்சினையை மூன்று கோணத்தில் அளப்போம்: எவ்வளவு பெரியது, தீர்க்க முடியுமா, ஏற்கெனவே அதில் எவ்வளவு பேரும் பணமும் இறங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘நெக்லெக்டட்னெஸ்’ எனப்படும் இந்த மூன்றாவதைப் ‘புறக்கணிப்பு’ என்று எழுதினால் யாரோ வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு தொனிக்கும். ‘ஆள் இறங்காத துறை’ என்றால் பொருள் நேராகப் போய்ச் சேர்கிறது. ஆல்ட்ருயிசத்தைத் ‘தியாகம்’ என்று ஆக்கினால் கதையே மாறிவிடும், ‘பிறர்நலம்’ போதும். ஒவ்வொரு சொல்லையும் இந்த விஷயமே தெரியாத 3 பேரிடம் கொடுத்து, என்ன புரிகிறது என்று அவர்கள் சொல்லக் கேளுங்கள். பிறகு அச்சுக்குப் போகலாம்.

பதில் 1

அளப்பது பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கூட்டத்துக்கு வந்த தலைகளையும் சமூக ஊடகப் பின்தொடர்பவர்களையும் எண்ண வேண்டாம். ஆண்டு முடிவில் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, படிப்பையோ வேலையையோ கொடையையோ உண்மையில் மாற்றியவர்கள் யார், குழு இல்லாவிட்டாலும் அதைச் செய்திருப்பார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். முதல் ஆண்டில் 5 பேர் என்றால் நல்ல விளைச்சல்.

கிவிங் வாட் வீ கேன் அமைப்பின் 10% உறுதிமொழி, வருமானத்தில் அவ்வளவைத் தொண்டுக்குக் கொடுப்பதாகத் தரும் வாழ்நாள் வாக்கு. மாணவர்களை அதில் கையெழுத்திடத் தூண்டி எண்ணிக்கை காட்டாதீர்கள். 1%-இலிருந்து தொடங்கும் தற்காலிக உறுதிமொழி அவர்களுக்குப் பொருந்தும்.

மாநாட்டுக்குப் பதில், 6-ஆவது மாதத்தில் 30 பேரோடு ஒரு நாள் சந்திப்பு போதும். பாதி நேரம் தனிச்சந்திப்புகளுக்கு ஒதுக்குங்கள். ஈஏஜிஎக்ஸ் என்ற வட்டார ஈ.ஏ. மாநாடுகளிலும் பலன் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. அந்தச் சந்திப்புக்கு முன்பே, புகார் சொல்ல இரண்டு பேரை அறிவித்துவிடுங்கள். இருவரும் நிறுவனர்களாக இருக்கக் கூடாது, ஒருவராவது நிதி முடிவுகளில் சேராதவராக இருக்க வேண்டும். கிராண்ட், வேலை, நட்பு மூன்றும் ஒரே 10 பேருக்குள் சுழலும் இடத்தில், யாரிடம் போவது என்று தெரியாதவர் புகார் சொல்லாமலே விலகிவிடுவார்.