முன் டீரெயிலரைக் கழற்றினால் 10 வாட்டா? யார் அளந்தது?

எதிர்காற்று:
"டைம் ட்ரையல் வண்டியில் முன் டீரெயிலரையும் சின்ன செயின்ரிங்கையும் கழற்றினால் 10 வாட் மிச்சம்" என்று நண்பர் ஒற்றைரிங் நேற்று வேறு இழையில் அடித்துவிட்டிருக்கிறார். (புதியவர்களுக்கு: டைம் ட்ரையல் என்றால் ஒவ்வொருவராகத் தனியே நேரத்தை எதிர்த்து ஓடும் சைக்கிள் பந்தயம். செயின்ரிங் என்பது மிதிகட்டைப் பக்கத்துப் பல்சக்கரம். முன் டீரெயிலர் செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. 10 வாட் மிச்சம் என்றால் அதே வேகத்துக்குக் கால் அவ்வளவு குறைவாக உழைத்தால் போதும்.) புதிதாக வருகிறவர்கள் இதை நம்பிப் பணத்தைக் கொட்டுவார்களே என்று எரிச்சலாக இருக்கிறது. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் சிடிஏ (காற்று எதிர்ப்பின் அளவு: முன்பக்கப் பரப்பு பெருக்கல் வடிவத்தின் இழுவைக் கெழு) 0.001 சதுர மீட்டர் குறைந்தால் கிடைப்பது சுமார் 1.2 வாட். 10 வாட் வேண்டுமானால் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை எதிர்காற்றிலிருந்து எடுத்த மாதிரி இருக்க வேண்டும். டீரெயிலர் அவ்வளவு பெரிதா? அதுவும் கால்கள் ஏற்கெனவே கலக்கிவிட்ட காற்றில்தான் அது நிற்கிறது.

ஒற்றைரிங்:
பாதியை மட்டும் எடுத்துப் போட்டுச் சண்டைக்கு வருகிறீர்கள். டீரெயிலர், உள்ளே இருக்கும் சின்ன ரிங், கேபிள் எல்லாம் போய், ஓட்டையில்லாத தட்டையான பெரிய ரிங் வருகிறது. எல்லாம் சேர்த்துத்தான் சொன்னேன். வேகம் ஏற ஏற வாட் மும்மடிக் கணக்கில் ஏறும். 50 கி.மீ.யில் உங்கள் 1.2 வாட்டே 1.6 ஆகிவிடும். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைக் கடைசி நாள் டைம் ட்ரையலில் லெமாண்ட் ஜெயித்தது வெறும் 8 வினாடியில்.

எதிர்காற்று:
லெமாண்டின் 8 வினாடிக்கும் செயின்ரிங்குக்கும் என்ன சம்பந்தம்? அன்று அவர் வண்டியில் இருந்த புதுமை ஏரோ ஹேண்டில்பார். மாறியது உடம்பின் நிலை. காற்று எதிர்ப்பில் பெரும்பங்கு உடம்புதான்.

கிரீஸ்கை:
வாட் கணக்கை ஓரமாக வையுங்கள். 2023 ஜிரோ (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்), 20-ம் கட்டம், மோன்டே லுசாரி மலை டைம் ட்ரையல். அதில் ஓடிய வீரர் ரோக்லிச் வண்டியில் முன்னால் ஒரே ரிங். பாதி மலையில் செயின் விழுந்தது. உலகமே பார்த்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒற்றைரிங்:
சாலையில் இருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியது, விழுந்தது. அப்படியும் அந்தக் கட்டத்தை 40 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்து, அதுவரை முதலிடத்தில் இருந்த தாமஸை மொத்த நேரத்தில் 14 வினாடியில் தாண்டி ஜிரோவையே எடுத்தார். அப்புறம், அது மலைக்கான ரோடு வண்டி. நாம் பேசுவது சமதளத்து டைம் ட்ரையல் வண்டி.

கிரீஸ்கை:
ஜெயித்தாரா என்று நான் கேட்கவில்லை. செயின் விழுந்ததா, இல்லையா? முன் டீரெயிலரின் கூண்டு இருந்திருந்தால் செயின் துள்ளும்போது தாங்கிப் பிடித்திருக்கும். கிராங்க் கழற்றி மாட்டியே கை கறுத்துப்போனவன் நான், படித்துவிட்டுப் பேசவில்லை.

மெழுகுச்செயின்:
ஒரு ஆளாவது உராய்வைப் பற்றிப் பேசுங்கள். பெரிய ரிங், பின்னாலும் பெரிய பல்சக்கரம் என்றால் செயின் குறைவாக மடங்கும், இழுவிசையும் குறையும். முன்னால் 58 பல், பின்னால் 14 பல் போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கி.மீ. வந்துவிடும், செயினும் கேசட்டின் (பின் பல்சக்கர அடுக்கின்) நடுப்பக்கத்தில் நேராக ஓடும். இத்தாலிய வீரர் கன்னா 2022-ல் ஒரு மணி நேர சாதனைக்கு 65-க்கு 14 போட்டார், 56.792 கி.மீ. போனார்.

கிரீஸ்கை:
தம்பி, அது டிராக் வண்டி! பின்னால் ஒரே பல்சக்கரம், கியர் மாற்றுவதே கிடையாது. அதில் செயின் எங்கே விழும்? ரோக்லிச்சுக்கு விழுந்தது. 2018-ல் அக்வா ப்ளூ அணி சாலைப் பந்தயம் முழுக்க ஒற்றை ரிங்கில் ஓடியபோது என்ன ஆனது? அந்த அணி வீரரே வெளிப்படையாகக் குறைபட்டார்.

ஒற்றைரிங்:
டிஸ்க் பிரேக் வந்தபோதும் "வேண்டாம், ஆபத்து" என்று பக்கம் பக்கமாக எழுதியவர்தானே நீங்கள்? இன்று பெரிய அணிகள் எல்லாம் எதில் ஓடுகின்றன? 2012-லேயே ஸ்ராம் தடித்த பல், மெல்லிய பல் மாற்றி மாற்றி வைத்த ரிங்கைக் கொண்டுவந்துவிட்டது. செயினைப் பிடிப்பதற்கென்றே வந்தது அது.

கிரீஸ்கை:
டிஸ்க் பிரேக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னது மழையில் ரோட்டர் (பிரேக் தட்டு) உரசும் சத்தம் பற்றி. பழைய இழையைத் தோண்டிப் படியுங்கள். நீங்கள் சொல்லும் தடித்த பல் ரிங் ரோக்லிச் வண்டியில் இல்லையா? இருந்தும் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான்.

எதிர்காற்று:
சரி, 10 வாட்டுக்கு யாராவது ஒரு அளவீடு காட்டுவீர்களா? விண்ட் டனலில் (காற்றை ஊதிச் சோதிக்கும் கூடத்தில்) ஒரே ஆள், ஒரே நிலை, டீரெயிலரோடும் இல்லாமலும். அதைத் தவிர வேறு எதையும் நான் ஏற்கப் போவதில்லை.

ஒற்றைரிங்:
எனக்கு எண் வேண்டாம். என் வண்டி என் காலில் பேசுகிறது, போதும்.

மெழுகுச்செயின்:
நான் சொன்ன உராய்வுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. குறுக்கே இழுபடும் செயினில் போகிற வாட் உங்கள் கண்ணுக்குத் தெரியாதா?

கிரீஸ்கை:
குறுக்கே இழுபடுவதே ஒற்றை ரிங்கால்தானே! சின்ன ரிங் இருந்தால் ஏற்றத்தில் அதற்கு மாறலாம், செயின் நேராக நிற்கும். நல்ல செயின் கேட்ச்சர் (செயின் விழாமல் பிடிக்கும் சின்னத் தடுப்பு) ஒன்றை மாட்டிவிட்டுப் பேசலாம் என்றால், அதுவும் காற்றைத் தடுக்கும் என்று கழற்றிப் போடுகிற கூட்டம் இது.

ஒற்றைரிங்:
கேட்ச்சரைக் கழற்றச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அந்த வரியைக் காட்டுங்கள்.