புதுப்பிப்பு: ஹோல் ஒஃப் ஃபேம் மட்டத்தில் பந்தை அடிப்பது

எம்எல்பி த ஷோ என்ற பேஸ்போல் வீடியோ கேமில், ஹோல் ஒஃப் ஃபேம் என்ற கடின மட்டத்துக்குப் போனதும் துடுப்பில் பந்தே படுவதில்லை என்ற பதிவில், பிசிஐயை (துடுப்பு எங்கே படும் என்று திரையில் காட்டும் குறி) வேகமாக நகர்த்திப் பழகச் சொல்லியிருந்தேன். அந்த வரிசை பிழை. முதலில் அடிக்கும் நேரம், பிறகுதான் குறியை வைக்கும் இடம்.

டிவியில் கேம் மோட் போடுங்கள். அது இல்லாவிட்டால் படம் பிந்தி வரும், எவ்வளவு பழகினாலும் ‘லேட்’ என்றே காட்டும். மணிக்கு 95 மைல் வேகப் பந்து தட்டுக்கு (அடிப்பவருக்குப் பக்கத்திலுள்ள ஹோம் பிளேட்) வர ஏறக்குறைய 0.4 விநாடிதான். கமெராவை ஸ்ட்ரைக் சோன் என்ற கோணத்துக்கு மாற்றுங்கள்.

கஸ்டம் பிரக்டிஸில் முதல் 20 பந்தை அடிக்கவே வேண்டாம். பந்து கையை விடும் இடத்தை மட்டும் பாருங்கள். கிரிக்கெட்டில் வளர்ந்த நம் கண் பந்து குத்தி எழக் காத்திருக்கும். இங்கே குத்தே கிடையாது. முழங்கால் உயரத்துக்கு வருவதுபோல் கிளம்பும் ஸ்லைடர் என்ற வளையும் பந்து கடைசியில் இன்னும் கீழே விழும், விட்டுவிடுங்கள். உடம்புக்கு அருகே வரும் உள்பக்கப் பந்துக்குச் சற்று முன்னதாக, வெளிப்பக்கத்துக்குச் சற்றுப் பொறுத்து அடிக்க வேண்டும். ஸ்டிக்கை விளிம்புவரை தள்ளாதீர்கள், பெருவிரல் மெல்ல அசைந்தால் போதும். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் (மூன்றாவதில் அவுட்) பிளேஸ்டேஷனின் வட்டப் பொத்தானால் அடியுங்கள்: பிசிஐ பெரிதாகும், பலம் குறையும்.

நுவரெலியா தம்பி கேட்டது: ஒன்லைனில் மட்டும் ஏன் பிந்துகிறது? எதிராளி அமெரிக்காவில் என்றால் சிக்னல் போய்வரும் தாமதமும் சேரும். மழைக்கு டொங்கிள் சிக்னல் ஏறி இறங்கினால் நேரம் பந்துக்குப் பந்து மாறும். அன்றைக்கு ஒஃப்லைனிலேயே பழகுங்கள்.